ஏ2 முடித்தாயிற்று, ஆனால் போனில் ஒன்றும் புரியவில்லையே!

வாசகர் கேள்வி:

"வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நாலு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜெர்மனி போகலாம் என்று ஒரு ஜெர்மன் மொழி கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். தினம் இரண்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள் வகுப்பு. மூன்று மாதத்தில் ஏ1, ஏ2 என்ற முதல் இரண்டு லெவலையும் முடித்து அவர்களே சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு மருத்துவமனைக்காரர்கள் வீடியோ காலில் வந்தார்கள். என் பேர், ஊர், படிப்பு எல்லாம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அந்த அம்மா கேட்ட எதுவுமே புரியவில்லை. அழுகை வந்துவிட்டது. நான் நிஜமாகவே ஏ2 தானா? இன்னும் ஆறே மாதத்தில் பி2 வாங்கிவிடலாம், வேலையை விட்டுவிட்டு வா என்கிறது ஏஜென்சி. இரண்டு வருடம் முன்பு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதி 6.5 வாங்கியிருக்கிறேன், அதனால் எனக்கு மொழியே வராது என்று சொல்ல முடியாது. ஜப்பானிய மொழியில் என்4 பாஸ் செய்த என் சித்தி பையன் 'என்4-ம் பி2-ம் ஒண்ணுதான், ஈஸி' என்கிறான். அப்பாவோ 'பி2-ன்னா பத்தாவதா, பிளஸ் டூவா?' என்று கேட்கிறார். இந்த லெவல் என்பதுதான் என்ன மேடம்?"

அன்புள்ள தங்கைக்கு,

அழுகை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வந்ததுண்டு. பல வருடம் முன்பு, நல்ல மதிப்பெண்ணோடு ஒரு ஜெர்மன் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு அந்த நாட்டில் போய் இறங்கினேன். மறுநாள் காலை பேக்கரியில் இரண்டு ரொட்டி கேட்டேன், இலக்கணம் பிசகாமல்தான் கேட்டேன். கடைக்கார அம்மா ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே "ஸோன்ஸ்ட்நொக்வஸ்?" என்றார். அவர் நாலாவது தடவை சொன்னபோதுதான் அது "ஸோன்ஸ்ட் நொக் வஸ்" என்ற மூன்று சொல், "வேறு ஏதாவது வேணுமா?" என்கிறார் என்று பிடிபட்டது. மூன்று சொல்லும் எனக்கு முன்பே தெரிந்தவை. தனித்தனியாக எழுத்தில் பார்த்துப் பழகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடியபோது காது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்றவர் விட்ட பெருமூச்சு மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உங்களுக்கு நடந்ததில் பாதி இது. மீதிப் பாதி, உங்கள் கையில் கொடுக்கப்பட்ட லெவல் சரிதானா என்பது. அப்பாவின் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் ஊரில் பரீட்சை என்றால் அதற்கு ஒரு புத்தகம் உண்டு. புத்தகத்தை முடித்தால் அடுத்த வகுப்பு. பள்ளிக் காலத்தில் தெருமுனை டியூஷனில் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று இந்திப் பரீட்சைகளை வரிசையாக எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ராஷ்ட்ரபாஷா வரை பாஸ். போபால் ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாறியதை ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, அடுத்த சீட்டுக்காரர் எழுந்து ஓடுவதைப் பார்த்துத்தான் நானும் ஓடினேன். அந்தப் பரீட்சைகளைக் குறை சொல்லவில்லை. படித்த பாடம் நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள், இருந்தது, பாஸ் போட்டார்கள்.

டைப்ரைட்டிங் பரீட்சை வேறு ரகம். எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள், எத்தனை மாதம் போனீர்கள் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். குறிப்பிட்ட வேகத்தில், பிழையில்லாமல், கண்ணெதிரே அடித்துக் காட்ட வேண்டும். ஐரோப்பிய லெவல் இந்த ரகத்தைச் சேர்ந்தது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறும் 'இந்த மொழியை வைத்துக்கொண்டு இவரால் என்ன செய்ய முடியும்' என்பதன் விவரணை. எத்தனை பாடம் நடந்தது, எந்த இலக்கணம் முடிந்தது என்பதெல்லாம் அந்த விவரணையில் வராது. அதனால் அப்பாவிடம் பத்தாவது, பிளஸ் டூ என்று சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். லோயர், ஹையர் என்று சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பு இருக்கிறது. ஐரோப்பிய யூனியன் வேறு, இது வேறு. ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அங்கே தன் காலில் நிற்க எவ்வளவு மொழி வேண்டும் என்ற கேள்வியை எழுபதுகளிலேயே அங்கே எடுத்துக்கொண்டார்கள். யான் வான் ஏக் என்ற டச்சுக்காரர் 1975-ல் ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு அளவை வரைந்து கொடுத்தார். அதற்கு 'வாசற்படி' என்று பொருள்படும் பெயர். அதுதான் இன்றைக்கு நாம் பி1 என்று சொல்வது. பிறகு 1991-ல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகோன் என்ற ஊரில் கூடி, எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரே ஏணி வேண்டும் என்று பேசினார்கள். சுவிஸ் ஆசிரியர்கள் நிறையப் பேரை வைத்து, 'இவரால் இது முடியும்' என்ற வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு அடுக்கினார்கள். முழு அளவுகோல் 2001-ல் வெளிவந்தது. 2020-ல் புதுப்பித்தபோது ஏ1-க்கும் கீழே ஒரு படியைச் சேர்த்தார்கள். பழைய வாசகங்களில் 'தாய்மொழிக்காரரோடு பேச முடியும்' என்று வந்த இடங்களையும் மாற்றிவிட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்த திருத்தம். நாளைக்கு நீங்கள் வேலை பார்க்கப் போகும் வார்டில் டாக்டர் சிரியாக்காரராக இருக்கலாம், சக நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம். எல்லோருக்கும் நடுவில் ஓடுவது ஜெர்மன்தான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐரோப்பிய கவுன்சில் அளவுகோலைக் கொடுத்ததோடு சரி. அது பரீட்சை வைப்பதில்லை, யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, யார் எப்படி அளக்கிறார்கள் என்று சோதிப்பதும் இல்லை. ஆகவே, தாளில் 'ஏ2' என்று அச்சடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மளிகைக் கடைத் தராசுக்காவது முத்திரை உண்டு, இதற்கு அதுவும் இல்லை. கோதே இன்ஸ்டிடியூட் (நம் ஊரில் மாக்ஸ் முல்லர் பவன்), டெல்க், ஆஸ்திரியாவின் ஓஎஸ்டி போன்றவர்கள் தனியாகப் பரீட்சை தயாரித்து, பாடம் நடத்தியவரே திருத்தாதபடி பார்த்து நடத்துவதால்தான் அவர்கள் தாளுக்கு மதிப்பு. உங்கள் சென்டர் கொடுத்த காகிதத்துக்கு 'எங்கள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்' என்று மட்டும் அர்த்தம். ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உலகம் முழுக்க வகுப்பு முடிந்தால் இப்படித்தான் கொடுப்பார்கள். அதை லெவல் சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

சரி, நிஜமான ஏ2 என்றால் என்ன? அளவுகோலில் ஒருவர் தன்னைத் தானே எடைபோட ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஏ2 பேச்சுக்கு என்ன போட்டிருக்கிறது தெரியுமா? என் வார்த்தையில் சொல்கிறேன்: தினசரி விஷயங்களைப் பற்றி ரெண்டு வார்த்தை கேட்கவும் சொல்லவும் முடியும், ஆனால் பேச்சை நானே தொடர்ந்து கொண்டுபோகிற அளவுக்குப் பொதுவாகப் புரியாது. இதைப் படித்தால் உங்கள் பாரம் பாதி இறங்க வேண்டும். அந்த வீடியோ காலில் முதல் ஐந்து நிமிடத்துக்கு அப்புறம் திணறியது முழு ஏ2-காரருக்கும் நடக்கும். போதாததற்கு, கீழ்ப் படிகளின் கேட்டல், பேச்சு விவரணைகள் பலவற்றில் 'எதிராளி மெதுவாக, தெளிவாகப் பேசினால்' என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த அம்மா வேலைக்கு நடுவில் பேசியிருப்பார், ஒருவேளை தன் ஊர் வழக்கில் பேசியிருப்பார். நம் ஊரில் தமிழ் கற்றுக்கொள்ளும் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் யாராவது நாகர்கோவில் தமிழில் கடகடவென்று பேசினால் அவர் கதி என்ன ஆகும்!

அடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு லெவல் என்று யாரும் சொல்லவில்லை. வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எங்களிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரே மாதிரி ஒரு வடிவத்தைப் பார்க்கிறேன். இலக்கணப் பயிற்சித் தாளில் பி1, வாசிப்பில் ஏ2 தாராளம், கேட்பதில் ஏ1, வாயைத் திறந்தால் ஏ1-ம் தடுமாறும். பள்ளியிலிருந்தே எழுதித்தானே வளர்ந்தோம். நீங்களும் உங்கள் ஐஇஎல்டிஎஸ் தாளை எடுத்துப் பாருங்கள். 6.5 என்பது மொத்தம். உள்ளே நாலு எண் இருக்கும், நாலும் ஒன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு.

ஐஇஎல்டிஎஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சை நடத்துகிறவர்களின் ஒப்பீட்டில் 5.5 முதல் 6.5 வரை பி2. ஆக, பி2 எப்படியிருக்கும் என்று உங்களுக்கு உள்ளிருந்தே தெரியும்! உங்கள் ஆங்கிலம் அந்த இடத்தில் இருக்கிறது. டாக்டர் ரவுண்ட்ஸில் ஆங்கிலத்தில் பேசுவதைப் பின்தொடர முடிகிறது, நடுவில் புகுந்து ஒரு சந்தேகம் கேட்க முடிகிறது, தப்பு வந்தாலும் அடுத்த வாக்கியத்தில் சமாளித்துவிடுகிறீர்கள், ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் மட்டும் ஜோக்குகள் நழுவிப் போகின்றன. அதுதான் பி2. அந்த ஆங்கிலம் உங்களுக்குள் வந்து சேர எத்தனை வருடம் ஆனது என்று யோசித்தால், ஆறு மாதம் என்ற பேச்சை எந்த இடத்தில் வைப்பது என்று உங்களுக்கே தெரியும்.

வார்டுக்கே போய்விடலாம். காலை ஏழு மணி. கட்டிலில் எண்பது வயது தாத்தா. "ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸென்?", வலி இருக்கிறதா என்று கேட்டு, ஆமா இல்லை என்ற பதிலைப் புரிந்துகொள்வது ஏ1. எங்கே, எப்போதிருந்து என்று கேட்டு அவர் சுருக்கமாகச் சொன்னால் குறித்துக்கொள்வது ஏ2. பக்கத்துக் கட்டில்காரர் விட்ட குறட்டையில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, அதனால்தான் தலை கனக்கிறது என்று அவர் கதை சொன்னால், எல்லா வார்த்தையும் புரியாவிட்டாலும் சாரத்தைப் பிடித்துச் சக நர்ஸிடம் சொல்வது பி1. இப்போது அவர் ரத்த அழுத்த மாத்திரையைத் தள்ளிவிடுகிறார். போன தடவை போட்டதும் கிறுகிறுத்து விழப் பார்த்தேன், இனி தொட மாட்டேன் என்கிறார். அவர் காரணத்தை முழுதாகக் கேட்டு, மிரட்டாமல் விளக்கி, டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி, அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி, ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைப்பது பி2. ஜெர்மனியில் நர்ஸாக முழு அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் பி2 கேட்பது இதனால்தான். போனில் முகம் தெரியாது, சைகை காட்ட முடியாது.

இன்னொரு சின்ன உதாரணம். அதே தாத்தா "மியர் இஸ்ட் ஷ்லெஷ்ட்" என்கிறார். 'ஷ்லெஷ்ட்' என்றால் 'மோசம்' என்று நீங்கள் ஏ1-லேயே படித்திருப்பீர்கள். என்னமோ மோசம் என்று அலுத்துக்கொள்கிறார் போல என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தால், திரும்பி வரும்போது போர்வையை மாற்ற வேண்டியிருக்கும். அவர் சொன்னது 'எனக்குக் குமட்டுது'. அடுத்த நொடி கையில் கிண்ணம் கொடுத்திருக்க வேண்டும். சொல் பழைய சொல்தான். சேர்ந்து வரும்போது என்ன ஆகிறது என்று தெரிவதுதான் அடுத்த படி.

இதே இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தியும் இருக்கிறது. 'மியர்' என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிருது, எனக்குக் குமட்டுது, எனக்குத் தலை சுத்துது என்று நாம் சொல்கிற அதே அமைப்பு. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கிறவர்கள் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். 'ஏனென்றால்' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்கு ஓடிப்போவதும் அப்படித்தான், தமிழருக்கு வினை கடைசியில் வந்தால்தான் நிம்மதி. நமக்குத் தொல்லை கொடுப்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்ட வரும் டேர், டீ, டாஸ். மேசை ஆண், விளக்கு பெண், சின்னப் பெண்பிள்ளை அஃறிணை என்றால் உயர்திணை பேசும் நாக்கு எப்படி ஒத்துக்கொள்ளும்? மனப்பாடம்தான், வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

இப்போது கணக்கு. பி2-வை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை ஆகும் என்கிறது கோதே இன்ஸ்டிடியூட். ஏ1-க்கு 80 முதல் 200, ஏ2 முடிய 200 முதல் 350, பி1 முடிய 350 முதல் 650. எல்லாமே ஆரம்பத்திலிருந்து எண்ணும் மொத்தக் கணக்கு. நீங்கள் தினம் 2 மணி, வாரம் 5 நாள், 13 வாரம் போயிருக்கிறீர்கள். 130 மணி நேரம், அதாவது சுமார் 173 பாடவேளை. ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஏ2-வின் குறைந்தபட்சத்தையே இன்னும் தொடவில்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில்: நீங்கள் நல்ல ஏ1, ஏ2-வின் நடுவழியில் நிற்கிறீர்கள். உங்கள் மூளையில் கோளாறு எதுவும் இல்லை, மணிக்கணக்கில்தான் குறை.

பி2-வுக்கு இன்னும் 430 முதல் 630 பாடவேளை வரை பாக்கி. இதே வேகத்தில் போனால் 32 முதல் 47 வாரம், அதாவது ஏழரை மாதத்திலிருந்து பதினோரு மாதம். வேலையை விட்டுவிட்டு தினம் ஐந்து மணி நேர வகுப்பில் உட்கார்ந்தால் காகிதத்தில் மூன்று முதல் நாலரை மாதத்திலேயே முடிந்துவிடும். ஆகவே ஏஜென்சி சொல்லும் ஆறு மாதம் பச்சைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வேறு பொறுப்பே இல்லாத, ஹாஸ்டலில் தங்கி காலையிலிருந்து இரவு வரை ஜெர்மனே கதி என்று கிடக்கிற ஆளுக்கு அது நடக்கிறது. அதைப் போஸ்டரில் போட்டு எல்லோருக்கும் பொதுவாக்குவதில்தான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, படிகளின் உயரம் ஒன்றுபோலத் தோன்றினாலும் கொள்ளளவு ஒன்றில்லை. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் கீழே அடைத்துவிட்டு நிரப்பிப் பாருங்கள். அடியில் ஒரு விரற்கடை நிரம்ப ஒரு கரண்டி போதும். மேலே அதே விரற்கடைக்குச் சொம்பு சொம்பாக வேண்டும். கோதே சொற்பட்டியலில் ஏ1-க்கு ஏறக்குறைய 650 சொல், ஏ2-வுக்கு 1300, பி1-க்கு 2400. பி2-வுக்குப் பட்டியலே கிடையாது, எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். இரண்டு படியை மூன்று மாதத்தில் ஏறினேன், அடுத்த இரண்டுக்கும் அதே மூன்று மாதம் என்று போடும் கணக்கு இங்கேதான் உடைகிறது. பி1 முடித்த கையோடு ஒரு தேக்கமும் வரும். பேச வருகிறது, வேலை நடக்கிறது, ஆனால் மேலே ஏறவே இல்லை என்று தோன்றும். இப்போதே சொல்லிவைக்கிறேன், அப்போது பயப்படாதீர்கள். புனலின் அகலம் அது.

சித்தி பையன் விஷயம். என்4 வாங்கியதற்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் அவன் எழுதிய ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழிப் பரீட்சை வேறு ஏணி, தலைகீழ் ஏணி. என்5 அடி, என்1 உச்சி. நாலு படியாக இருந்ததை 2010-ல் ஐந்தாக்கினார்கள். என்4 ஏறக்குறைய ஏ2-வுக்குப் பக்கத்தில் வரும். அதுவும் வாசிப்புக்கும் கேட்டலுக்கும் மட்டும்தான், ஏனென்றால் அந்தப் பரீட்சையில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. விடையைக் கட்டத்தில் குறித்தால் போதும். கோதே பி2-வில் வாசிப்பு 65 நிமிடம், கேட்டல் சுமார் 40, எழுத்து 75, அப்புறம் இன்னொரு மாணவரோடு ஜோடியாக உட்கார்ந்து சுமார் 15 நிமிடம் பேச்சு. ஒரு தலைப்பில் நீங்கள் சின்ன உரை நிகழ்த்தி, வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பிறகு ஒரு விஷயத்தில் எதிராளியோடு வாதாட வேண்டும். கேட்டலில் சில பகுதிகள் ஒரே தடவைதான் ஒலிக்கும். இரண்டையும் ஒன்று என்பது சைக்கிள் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், லாரி ஓட்டுவேன் என்பது மாதிரி. சைக்கிளுக்கு லைசென்ஸே கிடையாது என்று அவன் கிண்டல் செய்வான், பரவாயில்லை.

என்ன செய்யலாம்? இந்த ஞாயிற்றுக்கிழமை கோதே தளத்திலிருந்து ஏ2 மாதிரித் தேர்வை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதுங்கள். முதலில் கேட்டல். நிறுத்தி நிறுத்திக் கேட்கக் கூடாது, அகராதி கூடாது. நூற்றுக்கு 60 தேறினால் பாஸ், ஆனால் வீட்டில் 75 வந்தால்தான் ஹாலில் 60 வரும் என்பது என் அனுபவம். எந்தத் திறன் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே ஒரு படம் கிடைக்கும். அந்தப் படத்தோடு சென்டருக்குப் போய், ஏ2 பேட்சில் பாதியிலிருந்து மறுபடி உட்காரக் கேளுங்கள். 'திரும்ப ஏ2-வா' என்று கௌரவம் பார்க்க வேண்டாம். ஆட்டம் காணும் ஏ2 மேல் பி1 கட்டியவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். பி2 பரீட்சைக்கு மூன்று முறை பணம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஏ1, ஏ2 அரசாங்கக் காரியத்துக்குத் தேவைப்பட்டால் ஒழிய அந்தப் பரீட்சைகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பி1-ஐ மட்டும் கட்டாயம் எழுதுங்கள். பி1, பி2 இரண்டிலும் நாலு பகுதியும் தனித்தனி மாட்யூல். மூன்றில் தேறி ஒன்றில் கோட்டைவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதலாம். வெளியாள் ஒருவர் உங்களை அளந்து சொல்லும் முதல் எண் அதுவாக இருக்கட்டும். நர்ஸுகளுக்கென்றே டெல்க்கில் 'பி1-பி2 ப்ளேகே' என்று ஒரு பரீட்சை உண்டு. மருத்துவமனைச் சூழலிலேயே கேள்விகள் வரும். ஆனால் நீங்கள் போகும் மாநிலமும் முதலாளியும் அதை ஏற்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியதும் அதுதான், வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எந்த நிறுவனத்தின் பரீட்சை, எந்த லெவல், விசாவுக்கு எது, அங்கீகாரத்துக்கு எது, எந்தத் தேதிக்குள், தேறாவிட்டால் கட்டிய பணம் என்ன ஆகும். 2024 மார்ச்சிலிருந்து ஏ2-வோடு போய், அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அங்கீகாரம் வாங்கும் ஒரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. 'ஏ2 போதும், ஏறிவிடுங்கள்' என்று யாராவது சொன்னால் சட்டப்படி அது பொய்யாக இருக்காது. ஆனால் மேலே சொன்ன அந்தத் தாத்தாவின் கட்டில் பக்கத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். முழு அங்கீகாரம் வரும் வரை பெரும்பாலும் உதவியாளர் சம்பளம்தான் கிடைக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பி1-ஆவது கையில் இல்லாமல் விமானம் ஏற நான் சொல்ல மாட்டேன். வேலையையும் இப்போது விடாதீர்கள். பி1-ன் நாலு மாட்யூலும் தேறட்டும், அதற்கப்புறம் கடைசி நாலைந்து மாதத்துக்கு மட்டும் லீவு எடுக்கலாமா, விடலாமா என்று யோசிக்கலாம்.

தினமும் செய்ய ஒரு சின்ன வேலை சொல்கிறேன். டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது, அன்றைக்குப் பார்த்த மூன்று நோயாளிகளைப் பற்றி ஜெர்மனில் போனில் பதிவு செய்யுங்கள். பேர் வேண்டாம், கட்டில் நம்பர் போதும். என்ன தொந்தரவு, என்ன கொடுத்தீர்கள், அடுத்த ஷிப்ட் எதைக் கவனிக்க வேண்டும், இரண்டு நிமிடம். எழுதிவைத்து வாசிக்கக் கூடாது. ஒரு மாதம் கழித்து முதல் பதிவைப் போட்டுக் கேளுங்கள், சிரிப்பு வரும். காதுக்கு, ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே ஏ1 முதல் பி1 வரை இலவசக் காணொளிப் பாடம் வைத்திருக்கிறது. ஒரு காட்சியை முதலில் எழுத்து ஓடாமல் கேளுங்கள், அப்புறம் எழுத்தோடு, அப்புறம் மறுபடி எழுத்து இல்லாமல்.

கடைசியாக, அந்த மருத்துவமனை மறுபடி பேசுகிறேன் என்று சொல்லியிருந்தால் உங்கள் பயோடேட்டாவைத் திருத்தி அனுப்பிவிடுங்கள். ஐரோப்பாவில் யூரோபாஸ் என்ற படிவத்தில் மொழிக்கு ஐந்து கட்டம் இருக்கும். கேட்டல், வாசிப்பு, உரையாடல், தனியாகப் பேசுதல், எழுத்து. 'ஜெர்மன்: ஏ2' என்று மொத்தமாகப் போட்டிருப்பீர்கள். அதை அழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்த மதிப்பெண்ணை வைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்புங்கள். கேட்டல் ஏ1 என்று வந்தால் ஏ1 என்றே போடுங்கள். பக்கத்தில் பி1 பரீட்சை எந்த மாதம் எழுதப்போகிறீர்கள் என்பதையும் ஒரு வரி. அடுத்த தடவை அந்த அம்மா மெதுவாகப் பேசுவார்.

அன்புடன்,
உங்கள் ஜெர்மன் டீச்சர்